நாமா, நாங்களா? – அமெரிக்க விடுதலை எழுத்துகள் பற்றி ஒரு விமரிசன நோக்கு

அரசியற் பிரசுரம் இலக்கியமாகுமா என்னும் வினா நமது இலக்கிய உலகிலே பழையதொன்று. ஆகாது என்பர் ஒரு சாரார். குறித்த ஒரு வேளையிலே குறித்த ஒரு காரியத்தை முடித்தற்பொருட்டு எழுதப்படுவது அக்காரியம் முடிந்ததும் மாண்டுபோம் என்பது அவர்தம் கட்சி. ஆகும் என்பர் மற்றொரு சாரார். மக்களை அசைத்த எழுத்து மக்களோடு வாழும் என்பது இவர்தம் கட்சி. இரு சாராரும் பெரும்பாலும் பொதுப்படவே வாதிடுகின்றனர். குறித்ததோர் எழுத்தை எடுத்து, அதன் சொல்லையும் பொருளையும் அது பிறந்த சூழலையும் ஒருங்கு வைத்து ஆராய்வோர் சிலரே. அவ்வாறு ஆராய்தற்கு மிகவும் ஏற்ற எழுத்துகளுள் ஒரு தொகுதி, பிரித்தானிய முடியின்கீழ் இருந்த வட அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பதின்மூன்றும் விடுதலை நோக்கி நடந்த காலத்திலே, அதாவது 1765க்கும் 1776க்கும் இடையிலே எழுந்தவையாகும். அத்தொகுதியின் முடிமணியாகக் கொள்ளப்படும் சுதந்திரப் பிரகடனம் 1776ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அப்பிரகடனத்தைத் தமிழிலே பெயர்க்க முற்படுவோர் தொடக்கத்திலேயே ஓர் இடர்ப்பாட்டை எதிர்நோக்குவர். அதன் புகழ்பெற்ற பகுதி தன்மைப் பன்மையிலே பேசுகின்றது. ஆங்கிலத்திலே அதற்குச் சொல் ஒன்றே. தமிழிலோ இரண்டு. கேட்போரையும் உளப்படுத்துவது 'நாம்'. கேட்போரை விலக்கி நிற்பது 'நாங்கள்'. பழந்தமிழிலே 'நாம்', 'யாம்' என நின்ற வேறுபாடும் இதுவே. பேச்சு வழக்கிலே இவ்வேறுபாடு இடத்துக்கிடம் தளர்ந்து காணப்படினும் எழுத்துத் தமிழ் இதனை இன்னும் பேணி வருகின்றது. ஆகவே, மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று அந்தப் பத்திரம் உரைக்குமிடத்து, அதனை உரைப்போர் 'நாம்' என்கின்றனரா, 'நாங்கள்' என்கின்றனரா? ஆங்கிலேயர் இவ்வினாவை எழுப்பவேண்டிய தேவையில்லை. அவர்தம் மொழி அவர்களைத் தப்பவிடுகின்றது. நம் மொழி நம்மைத் தப்பவிடுவதில்லை. இவ்வொரு வினாவை அளவுகோலாகக் கொண்டு அக்காலத்து எழுத்துகள் சிலவற்றை இங்கு நோக்குவோம்.

முதலில் எழுத்துகள் பிறந்த நிலத்தை அறிதல் வேண்டும். ஏழாண்டுப் போர் 1763ஆம் ஆண்டு பெப்ரவரியிலே பாரிஸ் உடன்படிக்கையுடன் முடிவுற்றது. பிரான்சு வட அமெரிக்கப் பெருநிலத்திலே கொண்டிருந்த ஆதிக்கத்தை இழந்தது. வெற்றி பிரித்தானியாவுக்கு உரியதாயிற்று. ஆனால் அவ்வெற்றியினால் அதன் தேசியக் கடன் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. அமெரிக்காவிலே நிறுத்திவைக்கத் தீர்மானித்த படைக்கும் செலவு வேண்டியிருந்தது. இச்சுமையின் ஒரு பகுதியைக் குடியேற்ற நாடுகளே தாங்குதல் முறையென இலண்டன் எண்ணியது. அதே ஆண்டு ஒக்டோபரிலே அரச பிரகடனமொன்று, அப்பலாச்சியன் மலைத்தொடருக்கு மேற்கே வெள்ளையர் குடியேறுவதைத் தடைசெய்து, அந்நிலங்களை ஆதிக்குடிகளுக்கென ஒதுக்கியது. ஆதிக்குடிகள்மீது கொண்ட அன்பினாலன்று. எல்லைப்புறப் போர்களின் செலவைத் தவிர்க்கவே அது செய்யப்பட்டது. எனினும் மேற்கு நிலங்களிலே கண்வைத்திருந்த வேர்ஜீனியப் பெருநிலக்காரருக்கு அது கசந்தது. அவர்களுள் ஜோர்ஜ் வாஷிங்டனும் ஒருவர். வரியைப் பற்றிய முறைப்பாட்டைச் சரித்திர நூல்கள் உரக்கச் சொல்லுகின்றன. நிலத்தைப் பற்றிய முறைப்பாட்டைத் தாழ்ந்த குரலிலேயே சொல்லுகின்றன. இரண்டையும் ஒரே குரலிற் சொன்னாலன்றி இவ்வெழுத்துகளின் பொருள் விளங்காது.

1765ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பாராளுமன்றம் முத்திரை வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வரி எதன்மீது விழுந்தது என்பதை இலக்கிய மாணவர் ஊன்றி நோக்குதல் தகும். பத்திரிகை, துண்டுப் பிரசுரம், பஞ்சாங்கம், வழக்குப் பத்திரம், காணி உறுதி, சீட்டுக்கட்டு என்பனவே அதன் இலக்கு. வேறு விதமாகச் சொன்னால், அச்சகத்தார், பத்திராதிபர், சட்டத்தரணிகள், வணிகர் ஆகிய, எழுத்தையே தொழிற்கருவியாகக் கொண்டோர்மீது அது விழுந்தது. ஓர் ஆட்சி வரி விதிக்கும்போது ஊமையர்மீது விதித்தால் முணுமுணுப்பே எழும். எழுதத் தெரிந்தவர்மீதும் அச்சடிக்க வல்லவர்மீதும் விதித்தால் இலக்கியமே எழுந்துவிடும். அமெரிக்க விடுதலை இயக்கம் தொடக்கத்திலிருந்தே எழுத்தின் இயக்கமாக அமைந்தமைக்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. அவ்வாண்டு ஒக்டோபரிலே ஒன்பது குடியேற்ற நாடுகளின் பிரதிநிதிகள் நியூயோர்க்கிலே கூடித் தாம் பிரதிநிதித்துவம் பெறாத பாராளுமன்றம் தம்மீது வரி விதித்தல் கூடாதென மொழிந்தனர். 1766 மார்ச்சிலே அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் அதே வேளையிலே, எவ்விடயத்திலும் குடியேற்ற நாடுகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் தனக்குண்டு எனப் பாராளுமன்றம் வேறொரு சட்டத்தால் உறுதிசெய்துகொண்டது. கையை எடுத்துவிட்டுக் கைக்குரிய உரிமையை வைத்துக்கொண்ட இந்த இரட்டை நடையே பின்னர் வந்த பூசல்களுக்கெல்லாம் வித்து.

1767இலே கண்ணாடி, ஈயம், வர்ணம், கடதாசி, தேயிலை ஆகியவற்றின்மீது இறக்குமதித் தீர்வை விதிக்கப்பட்டபோது எழுந்த எழுத்துகளுள் தலையாயவை ஜோன் டிக்கின்சன் எழுதிய பன்னிரண்டு கடிதங்கள். பென்சில்வேனியாவிலே சிறிய பண்ணையொன்றை வைத்துக்கொண்டு, நூல்களைப் படித்து அமைதியாக வாழும் ஒரு கமக்காரன் தன் அயலவருக்கு எழுதுவதாக அவை அமைந்தன. குடியேற்ற நாடுகளின் பத்திரிகைகளிலே அவை பரவலாக வெளிவந்தன. வணிகத்தை ஒழுங்குபடுத்த விதிக்கும் தீர்வை வேறு, வருவாய் ஈட்ட விதிக்கும் வரி வேறு என்னும் நுண்ணிய வேறுபாட்டைச் சாமானிய வாசகனும் பற்றிக்கொள்ளுமாறு அவர் விளக்கினார். எழுத்துத் திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அந்தக் கமக்காரன் யார்? டிக்கின்சன் இலண்டனிலே சட்டம் பயின்றவர், பெருநிலங்களை உடையவர், அந்நிலங்களிலே உழைக்க அடிமைகளையும் வைத்திருந்தவர். புனைந்துகொண்ட வேடத்திலே குற்றமில்லை. வேடம் புனைதல் இலக்கியத்துக்கு உரியதே. வேடம் எதனை மறைக்கின்றது என்பதே வினா. கலப்பையைத் தானே பிடிக்கும் ஒருவனின் குரலிலே, பிறர் பிடித்த கலப்பையால் வாழ்ந்தவர் பேசுகின்றார். தம்மைக் கேளாது வரி விதிக்கப்படும் மக்கள் அடிமைகளே என்று அக்குரல் கூறுகின்றது. தம் வீட்டு வாயிலிலே மெய்யான அடிமை நிற்கும்போது ஒருவர் தம்மை அடிமையென்று உருவகிக்கின்றார் என்றால், அவ்வுருவகத்தை விமரிசகன் அணியிலக்கண அளவிலே பாராட்டிவிட்டு அப்பாற் செல்லலாகாது. டிக்கின்சன் பின்னர் 1780களிலே தம் அடிமைகளுக்கு முற்றாக விடுதலை வழங்கினார் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லுதல் வேண்டும்.

1770இலே ஏனைய தீர்வைகள் நீக்கப்பட்டன. தேயிலைத் தீர்வை மட்டும் உரிமையின் அடையாளமாக விட்டுவைக்கப்பட்டது. 1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் அதனோடு கிழக்கிந்தியக் கும்பனியின் நலனையும் பிணைத்தது. விற்பனையாகாத தேயிலை கும்பனியின் பண்டகசாலைகளிலே மலிந்து கிடந்தது. கும்பனி பெருங் கடனில் இருந்தது. அதனைக் காப்பாற்றும்பொருட்டு, அமெரிக்காவுக்குத் தேயிலையைத் தானே நேராக அனுப்பி விற்கும் வசதி அதற்கு வழங்கப்பட்டது. தேயிலையின் விலை அதனாற் குறையவிருந்தது. விலை குறையவிருந்த பொருளுக்கு எதிராகவே மக்கள் கிளர்ந்தனர் என்பது முதற் பார்வைக்கு வியப்பாகத் தோன்றும். உள்ளூர் வணிகரின் இலாபமும் கடத்தற் சரக்கு வியாபாரமும் அதிலே பாதிக்கப்பட்டன. தீர்வையைச் செலுத்தினால் பாராளுமன்றத்தின் உரிமையை ஏற்றதாகும் என்ற கொள்கைவழிப் பிணக்கும் இருந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைப்பது சரித்திரமன்று. 1773 டிசெம்பர் 16ஆம் நாள் இரவு பொஸ்டன் துறைமுகத்திலே மூன்று கப்பல்களிலிருந்து 342 தேயிலைப் பெட்டிகள் கடலிற் கொட்டப்பட்டன. கொட்டியவர்களுட் பலர் மோஹோக் என்னும் ஆதிக்குடியினரைப் போல வேடமிட்டிருந்தனர். எந்த மக்களின் நிலத்தை அடைதற்கு அரச பிரகடனம் தடையாயிருந்தது என்று அவர்கள் சினந்தனரோ, அந்த மக்களின் கோலத்தையே தம் சுதந்திரத்தின் அடையாளமாக ஒரு இரவுக்குப் பூண்டனர். 

அம்மூன்று கப்பல்களுள் ஒன்று 'டார்ட்மத்'. அக்கப்பலிலே தேயிலையோடு வேறொரு சரக்கும் வந்திருந்தது. பிலிஸ் வீட்லி என்னும் ஆபிரிக்கப் பெண் எழுதி, இலண்டனிலே அச்சிடப்பட்ட கவிதை நூலின் படிகளே அவை. தேயிலை கடலுக்குப் போயிற்று. கவிதை கரைக்கு வந்தது. கரையிலே அக்கவிதைக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர் நோக்குவோம்.

பாராளுமன்றம் பொஸ்டன் துறைமுகத்தை மூடியது; மசாசூசெட்சின் சுயாட்சியைக் குறைத்தது. 1774 செப்டெம்பரிலே பிலடெல்பியாவிலே கண்ட மாநாடு கூடியது. 1775 ஏப்ரல் 19ஆம் நாள் லெக்சிங்டனிலும் கொன்கோர்டிலும் குருதி சிந்தியது. அதன் பின்னரும் மாநாட்டினர் மன்னருக்குச் சமாதான விண்ணப்பம் அனுப்பினர் என்பது கவனித்தற்குரியது. மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் அவர்களைக் கலகக்காரர் எனப் பிரகடனஞ் செய்தார். இவ்வாறு போர் நடந்துகொண்டிருக்கவும், விடுதலை என்ற சொல்லை உரக்கச் சொல்லப் பெரியோர் பலர் தயங்கிநின்ற வேளையிலே, 1776 ஜனவரி 10ஆம் நாள் 'கொமன் சென்ஸ்', அதாவது 'சாதாரண அறிவு' என்னும் பெயரிலே ஒரு சிறு நூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது.

அதனை எழுதிய தோமஸ் பெயின் அமெரிக்கக் கரையிலே இறங்கி அப்போது பதினான்கு மாதங்களும் நிறைந்திருக்கவில்லை. இங்கிலாந்திலே பெண்டிர் அணியும் இறுக்குக் கச்சை தைக்கும் தொழிலைத் தந்தையிடம் பயின்றவர். தீர்வைத் திணைக்களத்திலே சிற்றுத்தியோகம் பார்த்து இரு தடவை வேலை நீக்கப்பட்டவர். சக உத்தியோகத்தரின் சம்பள உயர்வுக்காக 1772இலே ஒரு விண்ணப்பம் எழுதியவர். டிக்கின்சன் பூண்ட வேடம் பெயினுக்குத் தேவைப்படவில்லை. அவருடைய உரைநடையை நோக்குவோர் இதனை உடனே உணர்வர். அக்காலத்துப் பிரசுரங்கள் இலத்தீன் மேற்கோள்களாலும் சட்ட நூற் சான்றுகளாலும் நிரம்பியிருந்தன. கற்றவர் கற்றவருக்கு எழுதினர். பெயினோ எல்லோர் வீட்டிலும் இருந்த ஒரே நூலாகிய விவிலியத்திலிருந்து உதாரணங்களை எடுத்தார். தீவொன்று கண்டமொன்றை ஆள்வது இயற்கையின் ஒழுங்குக்கு மாறானது என்று அவர் கூறும்போது, வாதம் ஒரு காட்சியாகி வாசகன் கண்முன் நிற்கின்றது. இங்கிலாந்து முடியின் தோற்றுவாயை ஆராயுமிடத்து, முதல்வனாக வந்தவனைக் கொள்ளைக் கூட்டத்தின் தலைவனாகவே அவர் காண்கின்றார். பத்தாண்டுகளாக எல்லாரும் பாராளுமன்றத்தைக் குறைகூறிக்கொண்டிருக்க, அவர் முடியாட்சி என்னும் நிறுவனத்தின் வேரையே தொட்டார். கேள்வியை மாற்றியமையே அவருடைய சாதனை. வரி நியாயமா என்ற வினா, மன்னன் எதற்கு என்ற வினாவாக மாறியது.

பிரசுரம் இலக்கியமாகாது என்போர் இந்நூலைப் படித்தல் வேண்டும். அதன் நடையின் எளிமை, அறியாமையால் வந்த எளிமையன்று. யாருக்காக எழுதுகின்றோம் என்ற தெளிவினால் வந்த எளிமை. சாமானியனை அரசியல் வாதத்தின் நடுவர் ஆசனத்திலே இருத்தியமையால் அதன் வடிவமும் மாறியது. உள்ளடக்கம் உருவத்தை எவ்வாறு படைக்கின்றது என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் காண்டல் அரிது. 

ஆயினும் நமது அளவுகோலை இங்கும் வைத்தல் கடமை. பெயினின் 'நாம்' மிகவும் அகன்றது. ஐரோப்பாவிலிருந்து ஓடிவந்த எளியோர் யாவரையும் அது தழுவுகின்றது. ஆனால் ஓரிடத்திலே அது திடீரெனச் சுருங்குகின்றது. ஆதிக்குடிகளையும் கறுப்பின மக்களையும் நமக்கெதிராகத் தூண்டிவிட்டது பிரித்தானியா என்று அவர் குற்றஞ்சாட்டுமிடம் அது. வேர்ஜீனியாவின் ஆளுநர் டண்மோர் பிரபு 1775 நவம்பரிலே வெளியிட்ட பிரகடனம் அவ்வேளை யாவர் மனத்திலும் இருந்தது. கலகக்காரரின் அடிமைகள் மன்னருக்காக ஆயுதம் தாங்கினால் விடுதலை பெறுவர் என்று அது கூறியது. மன்னருக்கு விசுவாசமானோரின் அடிமைகளுக்கு அத்தகைய விடுதலை இல்லை. அடிமைகளை வைத்திருந்த ஆளுநரே அதனை வெளியிட்டார். அதனைப் போர்த் தந்திரம் எனலாம். ஆயினும் அதனை நம்பித் தப்பியோடிய மனிதரின் விடுதலை வேட்கை தந்திரமன்று. அவ்வேட்கையைப் பெயின் தம் வாசகரின் வேட்கையோடு ஒருங்கு வைத்து எண்ணவில்லை. அவருடைய நூலிலே அவர்கள் தூண்டப்பட்டவர்கள்; தாமாக எண்ணியவர்களல்லர்.

இனிப் பிரகடனத்துக்கு வருவோம். ஐவர் கொண்ட குழுவிலே தோமஸ் ஜெபர்சன் அதனை வரைந்தார். இலக்கிய அமைப்பு என்னும் வகையிலே அது வியக்கத்தக்கது. தொடக்கத்திலே பொதுக் கொள்கை; நடுவிலே குற்றச்சாட்டுகளின் நீண்ட நிரல்; இறுதியிலே தீர்ப்பு. நடுப்பகுதியிலே வாக்கியத்துக்கு வாக்கியம் மன்னரையே எழுவாயாக நிறுத்தி, ஒரே தொடக்கத்தை மீட்டும் மீட்டும் அடுக்கி, ஓர் அறைகூவலின் ஓசையை அது உண்டாக்குகின்றது. அவ்வோசையிலே ஒன்றை வாசகன் கவனிக்கத் தவறுகின்றான். பத்தாண்டுக் காலமாக வரிச் சட்டங்களையெல்லாம் நிறைவேற்றிய பாராளுமன்றத்தின் பெயர் அப்பத்திரத்திலே ஓரிடத்தும் இல்லை. பாராளுமன்றத்துக்குத் தாம் என்றுமே கட்டுப்பட்டவரல்லர் என்பது அவர்தம் வாதமாதலின், கட்டுப்பாட்டை முறிக்கவேண்டியது மன்னரோடு மட்டுமே. விடுபட்ட சொல்லும் வாதத்தின் ஒரு பகுதியாக நிற்கும் இத்திறன் பாராட்டுக்குரியது.

ஆனால் விடுபட்டது இதுமட்டுமன்று. ஜெபர்சனின் மூலவரைவிலே அடிமை வணிகத்துக்கு எதிரான பகுதியொன்று இருந்தது. அவ்வணிகத்தின் பழி முழுவதையும் மன்னர்மீதே அது சுமத்தியது. மாநாடு அப்பகுதியை நீக்கிவிட்டது. தென் கரோலினாவையும் ஜோர்ஜியாவையும் திருப்திப்படுத்தவே அது நீக்கப்பட்டதெனவும், அவ்வணிகத்திலே ஈடுபட்டிருந்த வடபகுதியினரும் கூசினரெனவும் ஜெபர்சன் பிற்காலத்திலே எழுதினார். நீக்கப்பட்ட பகுதியும் முழு உண்மையன்று. தம் வாழ்நாளிலே அறுநூறுக்கு மேற்பட்ட மனிதரை உடைமையாகக் கொண்டிருந்தவர் அதனை எழுதினார். பத்திரத்திலே எஞ்சிநின்ற இறுதிக் குற்றச்சாட்டோ, மன்னர் உள்நாட்டுக் கிளர்ச்சியைத் தூண்டினார், ஆதிக்குடிகளை ஏவினார் என்பது. அங்கே ஆதிக்குடிகள் இரக்கமற்ற காட்டுமிராண்டிகளாகவே காட்டப்படுகின்றனர். மனிதர் யாவரும் சமம் என்று தொடங்கிய பத்திரம், மனிதருள் இரு கூட்டத்தாரைப் பகைவர் நிரையிலே நிறுத்தி முடிகின்றது. அக்காலத்து ஏறத்தாழ 25 இலட்சம் குடிகளுள் ஐந்தில் ஒரு பங்கினர் அடிமைகள். அவர்களை உளப்படுத்தாத தன்மைப் பன்மை 'நாம்' ஆகாது. பத்திரத்தை 1776ஆம் ஆண்டு எழுதிக் கையெழுத்திட்டோரின் வாக்காகக் கொண்டு மொழிபெயர்ப்பின், நேர்மையான தமிழ்ச் சொல் 'நாங்கள்' என்பதே.

இம்முரண்பாட்டை அக்காலத்தவர் அறியாதிருந்தனர் என்று கூறிச் சிலர் அமைதி காண்பர். அது பொருந்தாது. ஆங்கில அகராதியின் ஆசிரியரான சாமுவேல் ஜோன்சன் 1775இலே அரசாங்கத்தின் சார்பாக எழுதிய பிரசுரத்திலே, அடிமைகளை ஓட்டுவோரிடமிருந்தே சுதந்திரக் கூக்குரல் உரத்து எழுவது ஏன் என்று கேட்டார். அதே ஆண்டு மார்ச்சிலே எட்மன்ட் பேர்க், குடியேற்ற நாடுகளோடு சமாதானம் வேண்டி ஆற்றிய உரையிலே, அடிமைகளை உடைய தென்பகுதியினர் சுதந்திரத்தை ஓர் அந்தஸ்தாகவும் போற்றுகின்றனர் என எடுத்துக் காட்டினார். ஜோன்சன் அடிமை முறையை மெய்யாகவே வெறுத்தவர். எனினும் அவருடைய கேள்வி பாதி வழியிலே நின்றுவிடுகின்றது. ஆபிரிக்கக் கரையிலிருந்து மனிதரை ஏற்றிச் சென்ற கப்பல்களுட் பெருந்தொகையானவை பிரித்தானியக் கொடியின்கீழ் ஓடியவை. எதிரியின் பொய்யைக் காட்டுவதற்கு மட்டும் ஒடுக்கப்பட்டோரை நினைவுகூர்வது அவர்களை மீண்டும் ஒரு முறை கருவியாக்குவதேயாகும். பிரசுரத்தின் நோக்கம் பாராளுமன்றத்தின் அதிகாரத்தை நிலைநாட்டல். அடிமையின் விலங்கை உடைத்தலன்று.

ஆகவே விலங்கு பூண்டோரின் குரலையே நாம் தேடல் வேண்டும். அதற்குத்தான் 'டார்ட்மத்' கப்பலிலே வந்த நூலுக்குத் திரும்புகின்றோம். பிலிஸ் வீட்லி 1761இலே ஏழெட்டு வயதுச் சிறுமியாக மேற்கு ஆபிரிக்காவிலிருந்து பொஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்டவர். அவரைச் சுமந்து வந்த கப்பலின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. அவருடைய நூலின் முகப்பிலே பொஸ்டன் பிரமுகர் பதினெண்மர் கையெழுத்திட்ட சான்றுரை ஒன்று உண்டு. நம் மரபிலே நூலின் சிறப்பை எடுத்துரைக்கச் சான்றோர் சிறப்புப்பாயிரம் பாடுவர். இங்கோ, இந்நூலை எழுதியவர் இப்பெண்தான் என்று சாட்சி சொல்லவே பதினெண்மர் தேவைப்பட்டனர். அவர்களுள் பிரித்தானிய ஆளுநர் ஹச்சின்சனும் இருந்தார். பின்னர் பிரகடனத்திலே முதற் கையெழுத்திட்ட ஜோன் ஹன்கொக்கும் இருந்தார். விடுதலைப் போரிலே எதிரெதிர் நின்றோர் இவ்விடயத்திலே அருகருகே கையெழுத்திட்டனர்.

வீட்லியின் செய்யுள்கள் அக்காலத்து ஆங்கில மரபைத் தழுவிய ஈரடி எதுகைச் செய்யுள்கள். கிரேக்கப் புராணக் குறிப்புகள் நிறைந்தவை. இன்றைய வாசகருக்கு அவை இறுக்கமாகத் தோன்றலாம். அவ்விறுக்கம் அவருக்கு உள்ளே நுழைவதற்குக் கேட்கப்பட்ட விலை. ஆனால் குடியேற்ற நாடுகளுக்குரிய அமைச்சராக 1772இலே நியமனம் பெற்ற டார்ட்மத் பிரபுவுக்கு அவர் எழுதிய செய்யுளிலே அவ்விறுக்கம் உடைகின்றது. சுதந்திரத்திலே தமக்கு இத்துணை வேட்கை எவ்வாறு வந்தது என்று கேட்போருக்கு, ஆபிரிக்காவிலிருந்து தாம் பறிக்கப்பட்டதையும் தம் தந்தை அடைந்திருக்கக்கூடிய துயரையும் அவர் விடையாகக் கூறுகின்றார். டிக்கின்சனின் கடிதங்களிலே வெறும் உருவகமாக நின்ற அடிமை இங்கே வாய் திறந்து பேசுகின்றாள். 1774இலே மோஹிகன் குலத்துப் போதகர் சாம்சன் ஒக்கத்துக்கு அவர் எழுதிய கடிதம் பத்திரிகைகளிலே வெளிவந்தது. சுதந்திர வேட்கை எல்லா மனித நெஞ்சிலும் இறைவன் இட்டது என்றும், அதற்காகக் கூவிக்கொண்டே பிறரை ஒடுக்குவோரின் சொல்லும் செயலும் முரண்படுவதை அறியத் தத்துவஞானி வேண்டியதில்லை என்றும் அதிலே அவர் உணர்த்தினார். பிரகடனத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அதற்குரிய மிகச் சிறந்த விமரிசனம் அச்சேறிவிட்டது.

அவ்விமரிசகருக்குக் கிடைத்த பரிசு யாது? ஜெபர்சன் 1780களிலே வெளியிட்ட வேர்ஜீனியா பற்றிய நூலிலே, வீட்லியின் ஆக்கங்கள் விமரிசனத்துக்குரிய தரத்தையும் எட்டாதவை என்று ஒதுக்கினார். இத்தீர்ப்பு ஓர் இலக்கியத் தீர்ப்பாகவே எழுதப்பட்டிருக்கின்றது. ஆனால் அது இடம்பெறும் பகுதி, கறுப்பின மக்கள் அறிவாற்றலிலே தாழ்ந்தவர்களாயிருக்கலாம் என்ற ஐயத்தை நிறுவ முயலும் பகுதி. தூய இரசனை எனப்படுவது எவ்வளவு தூரம் உடைமையின் காவற்காரனாக நிற்கக்கூடும் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? வீட்லி 1773இலே விடுதலை பெற்றார். இரண்டாவது நூலை வெளியிட இயலாது, வறுமையிலே 1784இலே முப்பத்தொரு வயதளவிலே மறைந்தார்.

அவர் தனித்து நிற்கவில்லை. விடுதலைப் படையிலே சேவித்த லெமுவல் ஹெயின்ஸ் என்ற கலப்பின இளைஞர் 1776இலேயே பிரகடனத்தின் வாசகத்தைத் தலைப்பிலே பொறித்து, அச்சுதந்திரம் அடிமைகளுக்கும் விரிதல் வேண்டும் என ஒரு கட்டுரை எழுதினார். அது 1983ஆம் ஆண்டுவரை அச்சேறவில்லை. 1777 ஜனவரியிலே பிரின்ஸ் ஹோலும் பிறரும் அதே கொள்கையை ஆதாரமாக்கி மசாசூசெட்சுச் சட்டசபைக்கு விண்ணப்பித்தனர். 1848இலே செனெக்கா போல்சிலே கூடிய பெண்கள் பிரகடனத்தின் அமைப்பையே எடுத்துத் தம் உரிமைப் பத்திரத்தை வரைந்தனர். அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரெடெரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5ஆம் நாள், உங்கள் சுதந்திர நாள் அடிமைக்கு எத்தகையது என்று கேட்டு உரையாற்றினார். 1945 செப்டெம்பர் 2ஆம் நாள் ஹனோயிலே ஹோ சி மின் வியட்நாமின் விடுதலையை அறிவித்தபோது அப்பிரகடனத்தின் வாசகத்தோடேயே தொடங்கினார். 'நாங்கள்' என எழுதப்பட்டதை இவர்கள் 'நாம்' என வாசித்தனர். வாசகர் எழுத்தாளரை விஞ்சிய வரலாறு இது.

இதற்கிடையே எழுதியோர் செய்தது யாது? 1779இலே வாஷிங்டனின் கட்டளைப்படி சென்ற படை இரோகுவா மக்களின் ஏறத்தாழ நாற்பது ஊர்களை எரித்தது. 1783இலே செய்யப்பட்ட சமாதான உடன்படிக்கை ஆதிக்குடிகளைக் கேளாமலே அவர்தம் நிலங்களைக் கைமாற்றியது. 1787ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அடிமை என்ற சொல்லைத் தவிர்த்துக்கொண்டே அடிமை முறையைக் காத்தது. 1865இலேயே அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஏகாதிபத்தியமும் பாடம் படித்து ஓய்ந்துவிடவில்லை. யோர்க்டவுனிலே 1781இலே சரணடைந்த கோர்ன்வாலிஸ் பிரபு 1786இலே இந்தியாவின் மகாதேசாதிபதியானார். அப்போரின் கிளையாகவே 1782இலே திருகோணமலை முதலில் ஆங்கிலேயர் கைக்கும், அவ்வாண்டிலேயே பிரெஞ்சுக்காரர் கைக்கும் சென்றது. 1796இலே இலங்கைக் கரையோரத்தைப் பற்றிய கும்பனி ஆட்சி தென்னை மரத்துக்கு வரி விதித்து 1797இலே கலகத்தைச் சந்தித்தது. அதன்பின் 1798இலே இங்கு வந்த முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த், அமெரிக்காவை இழந்த பிரதமர் நோர்த் பிரபுவின் மைந்தர்.

எனவே, தொடக்கத்திலே எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். பிரசுரம் இலக்கியமாகும், பெயினின் நூல் அதற்குச் சான்று. ஆனால் மக்களை அசைத்தது என்ற ஒன்றே அதன் பெருமைக்குப் போதிய அளவன்று. எந்த மக்களை அழைத்தது, எந்த மக்களை வாயிலிலே நிறுத்தியது என்பதையும் அதே எழுத்திலிருந்தே படித்தறிதல் விமரிசகனின் பணி. பிரகடனம் 250 ஆண்டு நிறைவெய்தும் 2026ஆம் ஆண்டிலே அதன் புகழ் பலவாறு பேசப்படுவது இயல்பே. நமது உயர்தர வகுப்புகளிலே அப்பத்திரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், வீட்லி ஒக்கத்துக்கு எழுதிய கடிதத்தையும் அதனருகே வைத்துக் கற்பித்தல் வேண்டும். கடிதம் மிகச் சிறியது. ஒரு பாடவேளை போதும். பின்னர் மாணவரிடம் தமிழிலே பெயர்க்கச் சொல்லி, 'நாம்' என எழுதினாயா, 'நாங்கள்' என எழுதினாயா, ஏன் என்று கேட்டால், அவர்கள் தரும் விடையிலே சரித்திரமும் இலக்கியமும் ஒருங்கே கற்கப்பட்டுவிடும்.